சிவப்பு நூல் மூட்டை

அத்தியாயம் 14

மகாராணி தின்னவில்லை.

பெயர் வைத்தது அக்காதான். வைக்கோலில் ஓர் இழை கறுத்திருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பசு அது. நிறை சினை. தொழுவத்தில் மற்ற பசுக்கள் தொட்டியை நக்கித் துடைத்திருந்தன. மகாராணி மட்டும் தவிட்டை நாக்கால் பிரித்துத் தின்றுவிட்டு, அடியில் ஒரு குவியலை அப்படியே விட்டு வைத்திருந்தது.

அக்கா கையை விட்டாள். குவியலுக்குள் சூடு இருந்தது. உருண்டையாக ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து உடைத்தாள். உள்ளே சாம்பல் பச்சை. பல நாள் மூலையில் கிடந்த ஈரத்துணியின் நாற்றம். அதன் மேல் வெல்லப்பாகின் இனிப்பு. நாற்றத்தைக்கூடப் பொறுக்கலாம். இனிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

விரல்களுக்கிடையில் ஏதோ மினுங்கியது. நகத்தளவு பிளாஸ்டிக் செதில். கிளிப்பச்சை. இன்னொன்றில் கறுப்புக் கோடு. இன்னொன்று இளஞ்சிவப்பு, மனிதத் தோலின் நிறம்.

எங்கே பார்த்த பச்சை என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அறுவடையன்று மழை பிடித்துக்கொண்டது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். களத்தில் காய்ந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தை மூட வீட்டில் எதுவும் அகப்படவில்லை. பரணில் கிடந்த பேனரை இழுத்து வந்து போர்த்தினார்கள். அது அக்காவின் தம்பி தீவனக்கடை திறந்தபோது அடித்த பேனர். கிளிப்பச்சைப் பின்னணியில் தம்பி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். வெயிலில் இற்றுப்போன பேனர் மழையில் செதில் செதிலாக உரிந்து சோளத்தோடு ஒட்டிக்கொண்டது. மழை விட்டபோது சோளம் பூசணம் பூத்திருந்தது.

மண்டிக்காரர் வந்தார். குவியலுக்குள் கையை விட்டு எடுத்தார், முகர்ந்தார், அக்காவின் கணவன் தோளில் கிடந்த துண்டிலேயே கையைத் துடைத்தார். "இதுக்கு விலை சொல்ல எனக்கு வாய் வரலைங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் கணவன் வேறு செய்தி கொண்டுவந்தான். பசை ஆலைக்காரன் முழுதையும் எடுத்துக்கொண்டானாம். அடிமாட்டு விலைதான். ஆனாலும் களம் காலியானது.

அந்த வாரமே தீவனத்தின் விலை ஏறியது. மழையால் மக்காச்சோளம் கிடைக்கவில்லை என்றார்கள். அக்காவுக்கு அப்போதே சிரிப்பு வந்தது. விற்கப் போனால் வேண்டாத சோளம். வாங்கப் போனால் கிடைக்காத சோளம்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

அவள் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கணவன் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் போடும் முடிச்சு வேறு யாருக்கும் வராது. ஒரு சுற்று, அதன் மேல் எதிர்ச்சுற்று, மிஞ்சிய நுனியை உள்ளே சொருகி ஒரு சுண்டு. அவிழ்க்க அவனே வரவேண்டும். இல்லையென்றால் அக்கா பல்லால் கடித்து இழுக்க வேண்டும்.

"என்னங்க. இதை மோந்து பாருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். முகரவில்லை. "தீவனம். பின்ன, சென்ட்டா அடிக்கும்?"

"நம்ம சோளம் இது."

"சோளத்துல நம்மது என்ன, அடுத்தவனது என்ன? பேரா எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு." அவள் செதில்களை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இது கடைப் பேரு, ஒரு எழுத்தோட காலு. இது என் தம்பி கன்னம். தேடினா மீசையும் கிடைக்கும்."

கணவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். பதில் இல்லாதபோது வரும் சிரிப்பு.

"பசை ஆலைக்குப் போச்சுன்னீங்க."

"உன் தம்பிதான் எடுத்துக்கிட்டான். பசை ஆலைக்கு அனுப்பறேன்னு சொன்னான்."

"அனுப்பினானான்னு கேட்டீங்களா?"

"வித்த பொருளுக்குப் பின்னாடியே போய்க் காவல் இருக்க முடியுமா? விடு. காலங்காத்தால ஆரம்பிக்காதே."

வரப்புத் தகராறில் கணவனும் தம்பியும் பல வருடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவன் சாக்கடை ஓரமாகப் போவான். இந்த மழைக்குப் பிறகுதான் திடீரென்று "வாங்க மாமா", "உட்காரு மச்சான்" என்று ஆரம்பித்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அக்கா அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது தனியாக நின்று அழுதாள், சந்தோஷத்தில்.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது இந்தப் பூசணம்.

அவள் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்தாள். மறுபடி கழுவினாள்.

மாட்டு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மகாராணியைச் சோதித்தார். பசு நகராமல் நின்றது. அக்கா அதன் கொம்படியைச் சொறிந்துகொண்டே டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னுக்கு உசுரு இருக்கு. துடிப்பு தெரியுது" என்றார். "ஆனா வயித்துக்குள்ள கொஞ்சம் போயிருக்கும். இன்னும் ரெண்டு வேளை தின்னிருந்தா கன்னு வீசியிருக்கும், குறையா விழுந்திருக்கும். இப்பவும் நான் உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன். அந்தத் தீவனத்தை எல்லா மாட்டுக்கும் நிறுத்துங்க. எந்தக் கடை?"

"தம்பி கடை."

டாக்டரம்மா உறையை உள்பக்கம் வெளியே வர உருவி எடுத்தார்.

"இந்த வாரம் நான் போன தொழுவமெல்லாம் இதே கடைதான். ஏன் வாங்கறீங்கன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"அக்கா மாடு இதைத்தான் தின்னுதுன்னு."

ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவள் கேனோடு பால் நிலையத்துக்குள் நுழைந்தால் பாலைப் பரிசோதிக்கிற பெண் சிரித்துக்கொண்டே கருவியைக்கூடத் தொடாமல் அளவு எழுதுவாள். அவ்வளவு கெட்டியான பால். என்ன போடறே, என்ன போடறே என்று மற்ற பெண்கள் பிடுங்கினார்கள். அக்கா தம்பி கடையைச் சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. அவள் மாடுகள் அந்தக் கடைத் தீவனத்தில்தான் கறந்தன.

மாதிரி எடுத்துத் தருவதற்காக மூட்டையை இழுத்தாள். வாய் ஓரத்தில் பிரித்த நூல் தொங்கியது. வெள்ளை.

தொழுவத்து ஆணியில் ஒரு கொத்து நூல் மாட்டியிருந்தது. மூட்டை பிரிக்கும்போதெல்லாம் அவள் நூலை வீணாக்காமல் சேர்த்து வைப்பாள். நுனியைப் பிடித்து இழுத்தால் மிஷின் தையல் சர்ரென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். படல் கட்ட, பைப் கட்ட ஆகும்.

மழைக்குப் பிறகு ஆணியில் சேர்ந்தது அத்தனையும் சிவப்பு.

மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோகும்போது கணவன் கூடவே கிளம்பினான். "நானும் வர்றேன். நீ பாட்டுக்கு வாயைக் கொடுத்து உறவைக் கெடுத்துடுவே."

மோட்டார் சைக்கிளில் மூட்டை முன்னால், அவன் நடுவில், அவள் பின்னால். காற்று எதிரே அடித்தது. நாற்றம் இருவரையும் கடந்து போயிற்று.

தம்பியின் கடை பாதி கடை, பாதி ஆலை. முன்னால் மேஜை, தராசு. மேஜையில் தம்பி மனைவி. பின்னால் அரவை மிஷின். தரை, சுவர், மின்விசிறி, ஆட்களின் புருவம், எல்லாவற்றிலும் மாவு. வெல்லப்பாகு டிரம்மைச் சுற்றி ஈக்கள். வாசலில் ஒரு மினிலாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

தம்பி வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டைக்குள் பார்க்கவில்லை. முதலில் மூட்டையின் வாயைப் பார்த்தான். தொங்கிய நூலைப் பார்த்தான்.

மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான். "யாருய்யா அது, அக்கா வீட்டுக்கு வெள்ளை நூல் அனுப்பினது?"

மூட்டை தூக்குகிறவர் அப்படியே நின்றார். மேஜையில் இருந்த தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் தம்பிக்குத் தான் சொன்னது உறைத்தது. ஓடிப் போய் மிஷினை நிறுத்தினான்.

மிஷின் நின்றதும் ஈக்களின் சத்தம் கேட்டது.

"வெள்ளை நூல்னா என்ன?" என்றாள் அக்கா.

"அது ஒரு அடையாளம்க்கா. எது எப்ப அரைச்சதுன்னு தெரியணும்ல."

"அப்ப சிவப்பு எப்ப அரைச்சது?"

தம்பி தலையைச் சொறிந்தான். மாவு உதிர்ந்தது.

"சொல்லுங்களேன், இதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றாள் தம்பி மனைவி. "அண்ணி என்ன வேத்து ஆளா? சிவப்பு நூல் நம்ம சொந்தக்காரங்களுக்கு, அண்ணி. நல்ல சோளம், நல்ல புண்ணாக்கு. நீங்க வாயத் திறந்து கேட்டதில்லை. நாங்களாப் பார்த்துச் செய்யறோம்."

அவள் நன்றியை எதிர்பார்த்து அக்காவைப் பார்த்தாள்.

"வெள்ளை?"

"அது கடைக்கு."

"கடைக்குன்னா யாருக்கு?"

வாசலில் ஏறிக்கொண்டிருந்த மூட்டைகளை அக்கா பார்த்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளை நூல்.

"மன்னிச்சுக்கக்கா" என்றான் தம்பி. நிஜமாகவே குரல் உடைந்தது. "தப்பு நடந்துபோச்சு."

ஒரு கணம் அக்கா நம்பினாள். கூடப்பிறந்தவன். சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கிறவன்.

"மூட்டை மாறிப்போச்சு" என்றான் அவன். "இனிமே ஆளுங்களை நம்பாம நானே பார்த்து ஏத்தறேன்."

அக்கா தராசில் கையை ஊன்றிக்கொண்டாள். முள் ஆடியது.

"இதான் தப்பா? மூட்டை மாறினதா?"

"பின்ன? உன் மாட்டுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்?"

"மத்தவங்க மாட்டுக்கு?"

"அக்கா, நீ மாடு வச்சிருக்கே. நான் கடை வச்சிருக்கேன். நல்ல சோளம் இப்ப எங்கேயும் இல்லை. இருக்கிறது தங்க விலை விக்குது. முழுக்க நல்லதாப் போட்டா மூட்டை விலையைக் கேட்டதும் ஓடிடுவாங்க. விலையும் ஏறக்கூடாது, சரக்கும் குறையக்கூடாதுன்னா நான் என்ன மந்திரமா போடறது? கொஞ்சமா கலந்து, நாலு கை பாகு கூட ஊத்தினா மாடு தின்னுடும். எல்லா மாடும் செத்தா போச்சு?"

"மகாராணி தின்னலை."

"அது திமிரெடுத்த மாடுன்னு உனக்கே தெரியும்."

கணவன் அதுவரை சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான். "சரி விடு மச்சான். மூட்டையை மாத்திக் கொடு, போறோம்" என்றான்.

தம்பிக்கு அந்தக் குரலில் ஒரு பிடி கிடைத்தது. "மாமாவையே கேளுக்கா. சோளத்தைக் கொடுக்கும்போது மாமா என்ன சொன்னாரு? எங்க போட்டாலும் போட்டுக்கோ, நம்ம வீட்டு மாட்டுக்கு மட்டும் வேற கொடுன்னாரா இல்லையா? அவர் சொன்னதுக்கு அப்புறம்தான் இந்த நூல் கணக்கே வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே மூட்டைதானே போச்சு?"

தம்பி மனைவி மெல்ல, "ஏங்க" என்றாள். தாமதம்.

அக்கா கணவனைப் பார்த்தாள். அவன் விலைப்பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையில் இதே வாய்தான், வித்த பொருளுக்குப் பின்னாடி காவல் இருக்க முடியுமா என்று கேட்டது.

அவளுக்கு இரண்டு பேரையும் அடிக்கத் தோன்றவில்லை. தொடவே அருவருப்பாக இருந்தது.

"நான் போய் சிவப்பு மூட்டை எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு கணவன் கிடங்குக்குள் போனான். அவள் கொண்டுவந்த மூட்டையையும் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

தம்பி மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரின் மேல் மெல்லிய மாவுப்படலம் மிதந்தது. அக்கா சொம்பை மேஜையில் வைத்தாள்.

"அக்கா, ஒரு உதவி" என்றான் தம்பி. எல்லாம் முடிந்துவிட்டது போல அவன் முகம் தெளிந்திருந்தது. "இந்த லோடு இப்ப நம்ம பால் நிலையத்துக்கும் அடுத்த ஊர் நிலையங்களுக்கும் போகணும். டிரைவர் வரலை. மாமா ஓட்டறேன்னு சொல்லியிருக்காரு. நீயும் கூடப் போய் ரெண்டு வார்த்தை சொன்னேன்னா நல்லாருக்கும். அங்க பால் ஊத்தற அந்த ஸ்பீக்கர் வேற ஏதோ முனகறாளாம்."

"நான் என்ன சொல்லணும்?"

"எப்பவும் சொல்றதைத்தான்."

கணவன் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. தோளில் சிவப்பு நூல் மூட்டை. அதை லாரியின் முன்சீட்டில், கதவோரமாக, தனியாக வைத்தான்.

ஏறமாட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். ஏறினாள். மூட்டைக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

வழியில் அவன்தான் பேசினான்.

"நம்ம மாடு தப்பிச்சுதுல்ல? அதோட விடு."

அவள் கைகளை முந்தானையில் துடைத்தாள்.

"நீ அங்க போய் எதையாவது உளறினா உன் தம்பி கடை இன்னிக்கே மூடும். அவன் பொண்டாட்டி பிள்ளைங்க தெருவுல நிக்கும். அப்புறம் என்னைக் கேப்பாங்க. அப்புறம் உன்னை. நீதானே எல்லாருக்கும் சொன்னே, வாங்குங்க வாங்குங்கன்னு?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்ப?"

"வண்டியைப் பார்த்து ஓட்டுங்க."

நிலையத்து வாசலில் பெண்கள் கேனோடு வரிசையில் நின்றிருந்தார்கள். சிமென்ட் தரையில் சிந்திய பால் புளித்துக் கிடந்தது. லாரியைப் பார்த்ததும் வரிசை கொஞ்சம் கலைந்தது. பணத்தை முந்தானையிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

ஸ்பீக்கர் வரிசையில் இல்லை. சுவரோரம் தனியாக நின்றிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். இன்றைக்கு அவள் கேன் காலி. அவளும் சத்தமில்லாமல் இருந்தாள்.

"என்ன இப்படி நிக்கறே?" என்றாள் அக்கா.

"நேத்து கன்னு வீசிடுச்சுக்கா." கேனின் மூடியைத் திறந்து மூடினாள். "முழுசா ரோமம் முளைச்சிருந்துச்சு. என் கைராசி அப்படி. அதே தீவனம்தான் உன் மாடும் தின்னுது. உன்னுது கொழுகொழுன்னு நிக்குது. நான்தான் ஏதோ தப்பு பண்றேன். தண்ணி கலக்கறது கூடிப்போச்சோ? நீ எவ்வளவு தண்ணி கலப்பே?"

காலையில் முகர்ந்தது அக்காவின் நாக்கில் மறுபடி வந்தது. வெல்லப்பாகின் இனிப்பு.

அவள் லாரியின் பின்பக்கம் போனாள். ஒரு வெள்ளை நூல் மூட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். நுனியைப் பிடித்தாள். சர்ரென்று ஒரே இழுப்பு. மூட்டையைக் கவிழ்த்தாள்.

மாவு புளித்த பாலின் மேல் கொட்டியது. உருண்டைகள் உருண்டன. பெண்கள் பின்வாங்கினார்கள். சிலர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"பூசணம் பிடிச்ச சோளம்" என்றாள் அக்கா. "யாரும் வாங்காதீங்க. வாங்கினதைப் போடாதீங்க."

"நீதானேக்கா வாங்கச் சொன்னே?" யாரோ.

"நான்தான். என் மாட்டுக்கு வந்தது வேற மூட்டை. சிவப்பு நூல் போட்டது, சொந்தக்காரங்களுக்குன்னு. உங்களுக்கு வெள்ளை. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இதுல இருக்கிறது எங்க வீட்டுச் சோளம். மழையில நனைஞ்சு கெட்டது. இவரு வித்தாரு, என் தம்பி அரைச்சான்."

லாரிக்குள் கணவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அக்கா காத்திருந்தாள். திட்டட்டும். கேனைத் தூக்கி எறியட்டும். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

முன்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள். "அந்தச் சிவப்பு நூல் மூட்டை என்ன விலை?"

"எங்களுக்கும் அதையே போடச் சொல்லேன்" என்றாள் இன்னொருத்தி.

"எல்லாருக்கும் கிடைக்காதாம்ல, சொந்தக்காரங்களுக்கு மட்டுமாம்."

"அக்கா சொன்னா கொடுப்பான். அக்கா, என் பேரையும் சேர்த்துக்கோ. நான் உனக்கு ஒருவகையில தங்கச்சி முறைதான்."

"அப்படிப் பார்த்தா நான் அவ மாமனாருக்கே தூரத்துச் சொந்தம்."

கொட்டிக் கிடந்ததைச் சுற்றிக்கொண்டு அவர்கள் அக்காவின் பக்கம் நெருங்கினார்கள். யார் காலிலும் அது படவில்லை. ஜாக்கிரதையாக நடந்தார்கள்.

ஸ்பீக்கர் கடைசியாக வந்தாள். அக்காவின் காதருகே குனிந்தாள். அவளுக்கு ரகசியம் பேசத் தெரியும் என்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது.

"முன்சீட்டுல ஒரு சிவப்பு மூட்டை இருக்கு, பார்த்தேன். அதை எனக்குக் கொடுத்துடுக்கா. மத்தவளுங்களுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ஒரு மாடுதான் மிச்சம்."

அவள் மேல் வெறுப்பு வரும் என்று அக்கா நினைத்தாள். வரவில்லை. இத்தனை நாள் தன் மாடுகள் தின்றதும் இதே சலுகைதான். கேட்காமல் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்கதவைத் திறந்தாள். மூட்டையை இழுத்தாள்.

"அது நம்ம மாட்டுக்கு!" கணவனின் குரல் வேண்டியதைவிட உரக்க வந்தது. கையை நீட்டி மூட்டையின் காதைப் பிடித்தான். "அதைத் தொடாதே. பிரிக்காதே."

"ஏன்?"

"வீட்டுல போய்ப் பிரிச்சுக்கலாம்."

அவள் பலமாக இழுத்தாள். மூட்டை தரையில் விழுந்தது. சிவப்பு நூலின் நுனியைத் தேடிப் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மிஷின் தையல் இப்படி நிற்காது. குனிந்து பார்த்தாள். தையல் கோணல்மாணலாக இருந்தது. கோணி ஊசியால் கையில் தைத்தது. சிவப்பு நூலுக்குக் கீழே சாக்கில் இன்னொரு வரிசைத் துளைகள், நெருக்கமாக, நேராக. ஒரு துளையில் அறுந்த வெள்ளை நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பு நூலின் முனையில் முடிச்சு. ஒரு சுற்று, அதன் மேல் எதிர்ச்சுற்று, மிஞ்சிய நுனி உள்ளே சொருகியிருந்தது.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அவளுக்குத் தெரிந்த முடிச்சு.

குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது. மூட்டையின் வாய் திறந்ததும் அந்த நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. காலையில் அவள் தொழுவத்தில் பிரித்த அதே மூட்டை. மேலேயே கிடந்தது ஒரு கிளிப்பச்சைச் செதில்.

"சிவப்பு தீர்ந்துபோச்சு" என்றான் கணவன், கண்ணாடியைப் பாதி இறக்கி. "உன் தம்பி அடுத்த வாரம் தர்றேன்னான். நீ அங்க நின்னு ஆடிக்கிட்டிருந்தே. வேற என்ன பண்ணச் சொல்றே? ஒரு வாரம்தானே."

"மகாராணி வயித்துல கன்னு இருக்கு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேக்கறேன்."

அவன் சிரித்தான். அதே சிரிப்பு.

அக்கா தரையில் துப்பினாள். வாயில் சாக்கு நாரும் சிவப்பு நூலின் சாயமும். துப்பியும் போகவில்லை.

"இறங்குங்க" என்றாள். "இறங்கி வந்து இதை உங்க கையால அள்ளுங்க."

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. டாக்டரம்மாவின் எண். அக்கா தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கையால் எடுக்க மனம் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கணவன் இறங்கவில்லை. பின்னால் இருந்த மூட்டைகளை ஒருமுறை கண்ணாடியில் பார்த்தான். போக இன்னும் நிலையங்கள் இருந்தன. சாவியைத் திருகினான். லாரி இருமிவிட்டு உறுமியது.

பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

ஸ்பீக்கர் விலகவில்லை. லாரியின் முன்னால் போனாள். காலிக் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். புடவையைக் கால்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என் மேல ஏத்திட்டுப் போய்யா" என்றாள்.

தெருக்கோடி வரை கேட்டது.